வணிகத் தபாலில் பட்டைக் குறி

பெங்களூரு நகரின் வடமேற்கில், துமகூரு செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்திருப்பது பீன்யா தொழிற்பேட்டை. 1970-களில் வளரத் தொடங்கிய இவ்வட்டாரத்தில் கடைசல் பட்டறைகள், மின்முலாம் பூசும் கூடங்கள், யந்திர உறுப்புகள் செய்வோர், ஆயத்த ஆடை நிலையங்கள் எனச் சிறுதொழில்கள் நெருங்கி நிற்கின்றன. இவற்றின் உற்பத்திப் பொருள்கள் லாரிகளில் வெளியேறுவதை எவரும் காண்பர். அவற்றோடு நாள்தோறும் வெளியேறும் மற்றொரு சரக்கு அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. விலைப்பட்டியல்கள், ஒப்பந்தப் புள்ளிகள், சோதனைச் சான்றுகள், மாதிரிப் பொருள்கள், பாக்கியைக் கேட்டு எழுதும் நினைவூட்டுகள், வழக்கறிஞர் அறிவிப்புகள் ஆகியவையே அச்சரக்கு.

ஒரு சிறு பட்டறைக்கு வரவேண்டிய பணம் பல சமயங்களில் ஒரே ஒரு கடிதத்தைப் பொறுத்திருக்கிறது. அக்கடிதம் எந்த நாளில் அனுப்பப்பட்டது, எந்த நாளில் உரியவரிடம் சேர்ந்தது என்னும் இரண்டு தேதிகளையும் காட்ட முடிந்தவர் தமது உரிமையைத் துணிந்து கோரலாம். காட்ட முடியாதவர் நியாயம் தம் பக்கம் இருந்தும் இடர்ப்படுவார். இவ்விரு தேதிகளையும் இன்று நமக்குக் காத்துத் தருவது உறையின் மேல் ஒட்டப்படும் பார்கோடு எனும் பட்டைக் குறியாகும். அது எதைக் காக்கிறது, எதைக் காக்க இயலாது என்பதை அறிந்துகொள்வது தொழில் செய்வோருக்கும், அவர்களுக்கு வழிகாட்டும் கள ஊழியர்களுக்கும் மிகவும் பயன்படும். இதில் அடங்கிய கணிதம் எளியதாகையால் ஆசிரியர்கள் இதனைப் பாடமாகவும் எடுத்துச் சொல்லலாம்.

பதின்மூன்று குறிகள்

நாடுகளுக்கிடையே தபால் தடையின்றிச் செல்வதற்காக 1874-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கையிலிருந்து தோன்றியது உலக அஞ்சல் ஒன்றியம். இந்தியா 1876-இல் அதில் சேர்ந்தது. கடிதத்திற்கு எண் இடும் முறைக்கு இவ்வொன்றியம் எஸ்-10 என்னும் தரத்தை வகுத்திருக்கிறது. நம் நாட்டு ஸ்பீட் போஸ்ட் எனும் விரைவுத் தபாலின் எண்ணும் இத்தரத்தைச் சார்ந்ததே.

இந்த எண்ணில் பதின்மூன்று குறிகள் உள்ளன. முதல் இரண்டும் ஆங்கில எழுத்துகள்; இவை சேவையின் வகையைக் குறிக்கும். 'ஈ' என்று தொடங்கினால் விரைவுத் தபால், 'ஆர்' என்று தொடங்கினால் பதிவுத் தபால், 'சி' என்று தொடங்கினால் பார்சல் என்று கொள்ளலாம். அடுத்து வரும் எட்டு இலக்கங்கள் வரிசை எண். ஒன்பதாவது இலக்கம் சோதனை இலக்கம். இறுதியில் நிற்கும் இரண்டு எழுத்துகள் கடிதம் புறப்பட்ட நாட்டைக் காட்டும், இந்தியாவுக்கு 'ஐ.என்.' என்பது குறி.

இப்பதின்மூன்று குறிகளுள் அனுப்புபவர் பெயரோ, பெறுபவர் பெயரோ, விலாசமோ எதுவும் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. பட்டைக் குறி கடிதத்தின் பெயர் மட்டுமே. அப்பெயருக்குரிய மற்ற விவரங்கள் எல்லாம் தபால் இலாகாவின் கணிப்பொறியில் தனியே பதிந்து வைக்கப்படுகின்றன. கடிதம் எவ்வெவ்விடத்தில் படிக்கப்படுகிறதோ அவ்வவ்விடமும் நேரமும் அப்பெயரின் கீழ்ச் சேர்ந்துகொண்டே வரும். இதனையே தடம் காணல் என்கிறோம்.

பீன்யாவில் வாழ்வோருக்கு இதை விளக்க நல்லதோர் உவமை அருகிலேயே இருக்கிறது. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தொலையளவு, தடம் காணல், கட்டளைப் பிணையமாகிய இஸ்ட்ராக் இத்தொழிற்பேட்டையில்தான் அமைந்துள்ளது. 2023 ஆகஸ்ட் 23-ஆம் நாள் சந்திரயான்-3 நிலவின் தென்முனை வட்டாரத்தில் இறங்கியபோது அதனைக் கண்காணித்தது இங்குள்ள இயக்க நிலையமே. விண்கலத்தைத் தரையிலுள்ள நிலையங்கள் இடையறாது பின்தொடர முயல்கின்றன. கடிதத்தின் கதை அவ்வாறன்று. பதிவு செய்த தபால் நிலையம், பைகளைப் பிரித்தடுக்கும் நிலையம், பட்டுவாடா செய்யும் நிலையம், இறுதியில் தபால்காரரின் கைக்கருவி ஆகிய சில இடங்களில் மட்டுமே அது காணப்படுகிறது. இரண்டு இடங்களுக்கு நடுவே கடிதம் எங்கே இருக்கிறது என்று கணிப்பொறி அறியாது. கடைசியாகக் கண்ட இடத்தையே சொல்லும். ஆகவே திரையில் ஒரு நாள் மாற்றம் இல்லை என்பதைக் கொண்டு கடிதம் தொலைந்தது என்று முடிவு செய்தல் கூடாது.

சோதனை இலக்கத்தின் வேலை

எண்களைக் கையால் எழுதும்போதும் தட்டச்சு செய்யும்போதும் இருவகைப் பிழைகள் பெரும்பாலும் நேரும். ஒன்று, ஓர் இலக்கத்தை மற்றோர் இலக்கமாகக் கொள்வது. 7-ஐ 1 என்று படிப்பது இதற்கு உதாரணம். மற்றொன்று, அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறுவது. இப்பிழைகளை அப்பொழுதே கண்டுபிடிப்பதற்காகவே சோதனை இலக்கம் சேர்க்கப்படுகிறது.

அதனைக் கணக்கிடும் முறை வருமாறு. வரிசை எண்ணின் எட்டு இலக்கங்களையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 என்னும் எண்களால் பெருக்கிக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகையை 11-ஆல் வகுத்து, மீதியை 11-லிருந்து கழிக்க வேண்டும். வருவதே சோதனை இலக்கம். விடை 10 என்று வந்தால் 0 என்றும், 11 என்று வந்தால் 5 என்றும் எழுதுவது விதி.

வரிசை எண் 12345678 என்று வைத்துக்கொள்வோம். பெருக்கல் தொகைகள் 8, 12, 12, 8, 15, 30, 63, 56. இவற்றின் கூட்டு 204. இதனை 11-ஆல் வகுக்க மீதி 6. பதினொன்றில் ஆறு போக எஞ்சுவது 5. ஆகவே உறையின் மேல் 123456785 என்று அச்சாகும்.

இனி, எழுத்தர் ஒருவர் 7-ஐ 1 என்று பதிந்துவிட்டார் எனக் கொள்வோம். 63 இருந்த இடத்தில் 9 வரும், கூட்டு 150 ஆகும், மீதி 7, சோதனை இலக்கம் 4 என்று வர வேண்டும். உறையிலோ 5 இருக்கிறது. கணிப்பொறி உடனே மறுத்துவிடும். மற்றொருவர் 4, 5 என்னும் இலக்கங்களை மாற்றி 12354678 என்று பதிந்தால் கூட்டு 203, மீதி 5, சோதனை இலக்கம் 6. இதுவும் மறுக்கப்படும். பெருக்கும் எண்கள் எட்டும் வெவ்வேறாக இருப்பதனால்தான் இடமாற்றம் கூட்டுத்தொகையை மாற்றிப் பிழையைக் காட்டிக் கொடுக்கிறது.

இக்காவலில் ஒரு சிறு துளையும் உண்டு. பதினொன்றால் வகுத்தால் 0 முதல் 10 வரை பதினொரு மீதிகள் வரக்கூடும். எழுதுவதற்கோ பத்து இலக்கங்களே உள்ளன. ஆகையால் மீதி 0, மீதி 6 ஆகிய இரண்டுக்கும் 5 என்ற ஒரே சோதனை இலக்கம் அமைகிறது. நாம் எடுத்துக்கொண்ட எண்ணில் 4-ஐ 1 என்று மாற்றி 12315678 என எழுதிப் பாருங்கள். கூட்டு 198, மீதி 0, விதிப்படி சோதனை இலக்கம் 5. பிழை இருந்தும் கணிப்பொறி ஏற்றுக்கொள்கிறது. பழைய பத்திலக்கப் புத்தக எண்ணில் இதே பதினொன்றின் கணக்குதான் உண்டு. ஆனால் அங்கே 10 வரும்போது 'எக்ஸ்' என்ற எழுத்தை இட்டு அத்துளையை அடைத்தனர். தபாலில் இலக்கம் மட்டுமே இருக்க வேண்டும் என்று கருதியதால் இச்சிறு குறையைப் பொறுத்துக்கொள்ள நேர்ந்தது. பாதுகாப்பு முறை எதுவாயினும் அதன் எல்லையையும் சேர்த்துக் கற்பதே விஞ்ஞான நோக்கு.

கறுப்பும் வெள்ளையும்

பட்டைக் குறியின் கருத்தை அமெரிக்காவின் நார்மன் ஜோசப் உட்லண்டும் பெர்னார்ட் சில்வரும் வகுத்து, 1952-இல் அதற்குக் காப்புரிமை பெற்றனர். தந்தியில் வழங்கிய மோர்ஸ் குறிகளின் புள்ளியையும் கோட்டையும் கீழ்நோக்கி நீட்டிப் பார்த்ததே அக்கருத்தின் தோற்றம். 1974 ஜூன் மாதத்தில் அமெரிக்கக் கடை ஒன்றில் சூயிங்கம் பொட்டலம் ஒன்றை யந்திரம் முதன்முதலாகப் படித்தது. இன்று உலக அஞ்சல் ஒன்றியத்தின் தரம் ஏற்கும் பட்டை முறைகளுள் ஒன்று 1981-இல் உருவான கோட்-128 என்பதாகும்.

கோட்-128 முறையில் ஒவ்வோர் எழுத்தும் மூன்று கறுப்புப் பட்டைகளாலும் மூன்று வெள்ளை இடைவெளிகளாலும் ஆனது. ஆறும் சேர்ந்த அகலம் பதினொரு அலகு. அலகு என்பது மிகக் குறுகிய பட்டையின் அகலம். தொடக்கக் குறி, பதின்மூன்று எழுத்துகள், பட்டைக்கே உரிய ஒரு சோதனைக் குறி ஆகப் பதினைந்தும் பதினொரு அலகு வீதம் 165 அலகு, முடிவுக் குறி 13 அலகு, மொத்தம் 178. இருபுறமும் பத்துப் பத்து அலகு வெற்றிடம் விட வேண்டும் என்பதனால் 198 அலகு ஆகிறது. ஓர் அலகு 0.33 மில்லிமீட்டர் எனில் ஏறத்தாழ ஆறரை சென்டிமீட்டர் நீளமான இடம் தேவை. இலக்கங்களை இரண்டிரண்டாகச் சேர்த்துக் குறித்தால் இந்நீளம் ஓரளவு குறையும்.

படிக்கும் கருவி தன் ஒளியைப் பட்டைகளின் மேல் வீசுகிறது. வெள்ளை இடம் ஒளியைத் திருப்பி அனுப்பும். கறுப்பு அதனை விழுங்கிக்கொள்ளும். திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு பட்டைகளின் அகலத்தைக் கருவி அளந்துகொள்கிறது. பல கருவிகள் சிவப்பு ஒளியைப் பயன்படுத்துவதால் சிவப்பு மையில் அச்சிட்ட பட்டைகள் அவற்றிற்கு வெறும் வெள்ளைத்தாளாகவே தோன்றும். பட்டையின் மேல் ஒட்டும் பளபளப்பான நாடா ஒளியைக் கண்ணாடிபோல் ஒரே பக்கமாகத் திருப்பிவிடும். மை ஊறிப் பரவும் தாளில் கறுப்புப் பட்டை தடித்து வெள்ளை இடைவெளி மெலியும். வெப்பத்தால் அச்சாகும் தாள் வெயிலில் கிடந்தால் மங்கும் அல்லது கறுக்கும்.

பட்டைகள் உயரமாக இருப்பது அழகுக்காக ஏற்பட்டதன்று. ஒரே செய்தி மேலிருந்து கீழ்வரை திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருப்பதற்கு ஒப்பாகும் அது. மேற்பாதி கிழிந்தாலும் கீழ்ப்பாதியைக் கொண்டு படிக்கலாம். ஆனால் ஒரே ஒரு பட்டை மேலிருந்து கீழ்வரை முழுவதும் மறைந்தால் படிக்க இயலாது. உறையின் விளிம்பில் மடித்து ஒட்டுவதும், வெற்றிடத்தின் மேல் ரப்பர் முத்திரை குத்துவதும் ஆகாதென்பதற்குக் காரணம் இதுவே.

பட்டையை யந்திரம் படிக்க மறுக்கும்போது ஊழியர் அதன் கீழ் அச்சான எண்ணைக் கையால் பதிகிறார். அந்நிலையில் பட்டைக்குரிய சோதனைக் குறி பயன்படாது. முன்னர் விளக்கிய ஒன்பதாவது இலக்கம் ஒன்றே காவலாக நிற்கும். இரண்டு காவல்கள் ஏன் தேவை என்பது இதனால் விளங்கும்.

விலாசத்துக்குக் காவல் இல்லை

கடிதத்தின் பெயரை இவ்வளவு கவனத்துடன் காக்கும் முறை, அதன் விலாசத்துக்கு இல்லை. நம் பின்கோடு முறை ஸ்ரீராம் பிகாஜி வேலங்கரின் முயற்சியால் 1972 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆறு இலக்கங்களும் பொருள் உடையவை. பீன்யாவின் 560058 என்ற எண்ணில் 5 என்பது கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா அடங்கிய மண்டலம்; 560 என்பது பெங்களூருப் பிரித்தடுக்கும் வட்டாரம்; 058 என்பது பட்டுவாடா செய்யும் தபால் நிலையம். முன்பு 'சென்னை-4' என்று எழுதிய மயிலாப்பூர் இன்று 600004 ஆக இருப்பதுபோல், பெருநகரங்களில் பழைய வட்டார எண்ணே கடைசி இலக்கங்களாக அமைந்தது.

ஆறு இலக்கங்களும் இடத்தைக் குறிக்கவே செலவாகிவிட்டதால் சோதனை இலக்கத்துக்கு இடமில்லை. 560058 என்பதை 560085 என்று மாற்றி எழுதினால் அது தவறென்று எந்த யந்திரமும் சொல்லாது. ஏனெனில் 560085 நகரின் தென்பகுதியிலுள்ள பனசங்கரி மூன்றாம் ஸ்டேஜுக்கு உரிய மெய்யான எண். 560 என்பதை 506 என்று எழுதினாலோ கடிதம் தெலங்கானாவின் வாரங்கல் வட்டாரத்தை நோக்கிப் புறப்படும். பிழையும் மெய்போலவே தோற்றமளிப்பதுதான் இங்குள்ள இடர்.

பீன்யாவில் இவ்விடர் இன்னும் மிகுதி. தொழிற்பேட்டை பல பேஸ்களாகப் பிரிக்கப்பட்டு, மெயின், கிராஸ் என்று எண்களாலேயே தெருக்கள் வழங்குகின்றன. ஒரு பேஸிலுள்ள மூன்றாம் மெயின் வேறு. மற்றொன்றிலுள்ள மூன்றாம் மெயின் வேறு. பின்கோடு சரியாக இருந்தும் பேஸ் எண்ணை விட்டுவிட்டால் தபால்காரர் ஊகிக்க வேண்டியதாகிறது. மனையெண், கிராஸ், மெயின், பேஸ் ஆகிய நான்கும் எழுதப்பட்ட விலாசமே முழுமையானது.

இக்குறையைப் போக்கும் முயற்சிகளுள் ஒன்று, 2025 மே 27-ஆம் நாள் தபால் இலாகா வெளியிட்ட டிஜிபின் என்னும் முறை. ஐதராபாத் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும், விண்வெளி நிறுவனத்தின் தேசியத் தொலையுணர்வு மையமும் இதில் பங்குகொண்டன. இந்தியாவை உள்ளடக்கிய 36 பாகைச் சதுரம் ஒன்றைப் பதினாறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் மீண்டும் பதினாறாகப் பிரித்து, இவ்வாறு பத்து முறை செய்வதே முறை. ஒவ்வொரு முறையும் பக்கம் நான்கில் ஒன்றாகிறது. 36 பாகை என்பது ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர்; அதனைப் பத்து முறை நான்கால் வகுக்க ஏறத்தாழ 4 மீட்டர் கிடைக்கும். பத்துக் குறிகளால் ஒரு பட்டறையின் வாயிலையே சுட்டிவிடலாம். எட்டு இலக்கங்களும் எட்டு ஆங்கில எழுத்துகளும் இதற்குக் குறிகளாயின. ஆயினும் இதிலும் சோதனை இலக்கம் இல்லை. கடைசிக் குறியில் பிழை நேர்ந்தால் சில மீட்டர் தள்ளிப்போகும். முதற்குறியில் நேர்ந்தால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப்போகும். டிஜிபின் பின்கோடுக்குத் துணையாக வந்ததேயன்றி அதற்கு மாற்றாக வந்ததன்று.

1898-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாக 2024 ஜூன் 18 முதல் நடைமுறைக்கு வந்த 2023-ஆம் ஆண்டு அஞ்சல் நிலையச் சட்டம், விலாசம் எழுதும் முறைக்கும் பின்கோடு உபயோகத்துக்கும் தரங்களை வகுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் அளித்திருக்கிறது. விலாசம் இனி அவரவர் விருப்பம் என்று விடப்படும் காரியமாக இராது என்பதற்கு இது அறிகுறி.

எடையும் கட்டணமும்

1986 ஆகஸ்ட் முதல் நாளில் தொடங்கிய விரைவுத் தபாலோடு பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் இணைக்கப்பட்டது. 2025 அக்டோபர் 1 முதல் புதிய கட்டணங்கள் அமலுக்கு வந்தன. 50 கிராம் வரையுள்ள கடிதத்துக்கு உள்ளூரில் 19 ரூபாய்; வெளியூருக்குத் தூரம் எதுவாயினும் 47 ரூபாய். 51 முதல் 250 கிராம் வரை உள்ளூரில் 24 ரூபாய். 201 முதல் 500 கிலோமீட்டர் தூரத்துக்கு 63 ரூபாய். 251 முதல் 500 கிராம் வரை முறையே 28, 75 ரூபாய். இவற்றின் மேல் ஜி.எஸ்.டி. நூற்றுக்குப் பதினெட்டு.

வணிகத் தபாலில் எடைப்படியை அறிந்து நடப்பது எவ்வளவு சிக்கனம் என்பதற்கு ஒரு கணக்கைப் பார்ப்போம். சாதாரண ஏ-4 தாள் ஒரு சதுர மீட்டரின் பதினாறில் ஒரு பங்கு. சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள தாளாயின் ஒரு தாளின் எடை 5 கிராம். பத்துத் தாள் கொண்ட அறிக்கை சரியாக 50 கிராம். உறையின் எடையும் சேரும்போது அடுத்த படிக்குப் போய்விடும். சென்னை, கோயம்புத்தூர் போன்ற ஊர்களுக்குக் கடிதம் ஒன்றுக்கு 16 ரூபாய் கூடுதல். ஆயிரம் கடிதங்களுக்கு 16,000 ரூபாய். வரியுடன் 18,880 ரூபாய். தாளின் இருபுறமும் அச்சிட்டால் ஐந்தே தாள். இச்செலவு முழுவதும் மிச்சம்.

கட்டணம் தூரத்தையும் பொறுத்தது. தூரத்தை நிர்ணயிப்பது இரண்டு ஊர்களின் பின்கோடு. ஆகவே பின்கோடில் நேரும் பிழை கடிதத்தை வழிதவறச் செய்வதோடு கணக்கையும் கெடுக்கும். அதிகமாகத் தபால் அனுப்பும் நிறுவனங்கள் இலாகாவுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, எண் வரிசையைப் பெற்றுத் தாமே பட்டைகளை அச்சிட்டு, விவரப் பட்டியலைக் கணிப்பொறிக் கோப்பாகக் கொடுத்துவிட்டு, பின்னர் பணம் செலுத்தும் வசதியும் உண்டு. புதிதாகச் சேரும் பேரளவு வாடிக்கையாளருக்கு நூற்றுக்கு ஐந்து தள்ளுபடியும், மாணவர்களுக்கு நூற்றுக்குப் பத்துத் தள்ளுபடியும் 2025-ஆம் ஆண்டு அறிவிப்பில் உள்ளன.

கடிதமும் சட்டமும்

செக் பணமின்றித் திரும்பினால், திரும்பிய செய்தி வங்கியிலிருந்து கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு. அறிவிப்பைப் பெற்ற 15 நாட்களுக்குள் செக் கொடுத்தவர் பணம் செலுத்தத் தவறினால்தான் குற்றம் நிறைவுறுகிறது. முதற் காலக்கெடுவுக்கு அனுப்பிய நாளும், இரண்டாவதற்குச் சேர்ந்த நாளும் ஆதாரமாகின்றன. பட்டையைத் தபால் நிலையத்தில் படித்த கணமும், வாயிலில் படித்த கணமும் இங்கே வெறும் விவரங்களாக நில்லாமல் உரிமையாக மாறுகின்றன.

1897-ஆம் ஆண்டுப் பொது வாசகங்கள் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, சரியான விலாசம் எழுதி, கட்டணம் செலுத்தி, பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம், மாறாக நிரூபிக்கப்படும் வரை உரியவரிடம் சேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்கிறது. இந்த அனுமானம் செக் அறிவிப்புகளுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் தீர்ப்பளித்தது. சட்டம் முதலில் கேட்பது சரியான விலாசத்தை. அடுத்துக் கேட்பது செலுத்திய கட்டணத்தை. பட்டை எவ்வளவு தெளிவாக இருப்பினும் பேஸ் எண் விடுபட்ட விலாசம் இந்த அனுமானத்தையே பலவீனப்படுத்தும்.

பதிவுத் தபால் தனியே இல்லாமற் போன பின்பு, பதிவு என்பது விரைவுத் தபாலோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் சேவையாக நிலவுகிறது. கடிதம் ஒன்றுக்கு 5 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் செலுத்தினால், உரியவரிடமோ அவர் அதிகாரம் அளித்தவரிடமோ மட்டுமே அது கொடுக்கப்படும். கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைச் சொன்ன பின்னரே கொடுக்கும் சேவைக்கும் அதே கட்டணம். சட்ட அறிவிப்புகளை அனுப்புவோர் பதிவையும் கேட்டுப் பெறுவது விவேகம். ஐந்து ரூபாயை மிச்சம் பிடித்துப் பெருந்தொகையை ஐயத்துக்கு உள்ளாக்குதல் தகாது.

களத்திலும் வகுப்பிலும்

எந்தச் சோதனை இலக்கத்தாலும் கண்டுபிடிக்க இயலாத பிழை ஒன்று இருக்கிறது. சரியான பட்டையைத் தவறான உறையில் ஒட்டுவதே அது. நூறு உறைகளுக்கு ஒட்டும்போது ஒரு பட்டை முன்னே நழுவினால் அதன் பின்வரும் ஒவ்வொரு கடிதமும் அடுத்தவர் பெயரில் பதிவாகும். எல்லா எண்களும் மெய்யானவை. எல்லாச் சான்றுகளும் பொய்யானவை. இதனைத் தடுக்க மனிதக் கண்ணே வேண்டும். ஆகவே தொழில் செய்வோரிடம் கள ஊழியர்கள் பின்வருவனவற்றை வலியுறுத்தலாம்.

1. பட்டியலின் முதல், நடு, இறுதி உறைகளை எடுத்து எண்ணும் பெயரும் பொருந்துகின்றனவா என்று பார்த்த பின்னரே கட்டு தபால் நிலையம் செல்ல வேண்டும்.

2. பட்டையை நகல் எடுத்து வேறொரு கடிதத்தில் ஒட்டக் கூடாது. ஓர் எண் ஒரு கடிதத்துக்கே உரியது.

3. கறுப்பு மையில், பளபளப்பில்லாத வெள்ளைத் தாளில், இருபுறமும் இடம் விட்டு அச்சிட வேண்டும். அதன் மேல் நாடாவோ முத்திரையோ படக் கூடாது.

4. பின்கோடை நினைவிலிருந்து எழுதாமல் ஊர்ப்பெயரோடு ஒப்பிட்டு எழுத வேண்டும்.

5. நிறைந்த உறை ஒன்றை நிறுத்துப் பார்த்த பின்னரே மொத்தத்தையும் மூட வேண்டும்.

6. ரசீதையும், பட்டுவாடா விவரத்தின் அச்சுப் பிரதியையும் கடிதத்தின் நகலோடு சேர்த்து வைக்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கு இதில் நல்ல பயிற்சி கிடைக்கிறது. வீட்டுக்கு வந்த விரைவுத் தபால் உறைகளை மாணவர்கள் கொண்டுவரட்டும். எட்டு இலக்கங்களைக் கொண்டு ஒன்பதாவதைக் கணித்து, உறையில் உள்ளதோடு ஒப்பிடட்டும். உறை கிடைக்காத வகுப்பில் 47312482 என்ற எண்ணைக் கொடுக்கலாம், விடை 9. பின்னர் ஒரு மாணவன் ஓர் இலக்கத்தை ரகசியமாக மாற்ற, மற்றவர்கள் பிழையைக் கண்டுபிடிக்கலாம். நூலகத்துப் பழைய புத்தகங்களில் 'எக்ஸ்' என்று முடியும் எண்களைத் தேடுவதும் சுவையான வேலை. புத்தகங்களை அனுப்ப விரும்பும் பள்ளிகளுக்கு 2025 மே 1 முதல் ஞான் போஸ்ட் என்ற சேவையும் உண்டு. பாடநூல்கள், பண்பாட்டு நூல்கள் முதலியன தரை வழியாகச் செல்லும். அவற்றிற்கும் தடம் காணும் வசதி இருக்கிறது.

தபால் இலாகாவின் புதிய கணிப்பொறி அமைப்பை உருவாக்கியது மைசூரிலுள்ள அஞ்சல் தொழில்நுட்ப மையம். கர்நாடகத்தில் முதலில் சோதிக்கப்பட்டு, 2025 ஆகஸ்ட் 4-ஆம் நாள் அது நாடெங்கும் நிறைவு பெற்றது. கடிதத்தின் எண்ணைக் காக்கும் பொறுப்பை யந்திரம் ஏற்றுக்கொண்டுவிட்டது. பேஸ் எண்ணை எழுதுவதும், உறையை நிறுப்பதும், சரியான பட்டையைச் சரியான உறையில் ஒட்டுவதும் அனுப்புபவரின் மேசையிலேயே முடிய வேண்டிய வேலைகள். அங்கே செலவிடும் ஐந்து நிமிடம் பட்டறையின் பணத்துக்கும் உரிமைக்கும் பாதுகாப்பாகும்.